முடியரசின் கடைசிப் பிரதிநிதி: சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார்

ஜவ்வாது மலையிலுள்ள எங்கள் சிற்றூரில், என் பாட்டியார் சாமை கொட்டி வைக்கும் குதிரின் அருகே ஒரு தகரப் பெட்டி உண்டு. அதனுள் பழைய நாணயங்கள் சில இருக்கின்றன. அவற்றுள் 1947ஆம் ஆண்டு அச்சிட்ட ஒரு ரூபாய் நாணயத்தின் ஒருபுறம் முடிசூடிய ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலையும், மறுபுறம் ஒரு புலியின் உருவமும் காணப்படுகின்றன. நாடு விடுதலை பெற்ற ஆண்டு நாணயத்தில் வெள்ளைக்கார ராஜாவின் தலை இருப்பது ஏன் என்று சிறு வயதில் நான் பாட்டியாரைக் கேட்டதுண்டு. அவர்க்கு விடை தெரியவில்லை. கல்லூரிக்கு வந்து நூல் நிலையத்தில் அவ்விடையைத் தேடியபோது, அது ஒரு தமிழ்ப் பெரியாரின் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கக் கண்டேன். சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்து, அம்மன்னரின் ஆட்சியை எதிர்த்துப் பன்முறை சிறை புகுந்து, பின்னர் அம்மன்னருக்கே இந்நாட்டிற் பிரதிநிதியாய் அமர்ந்து, முடிவில் அப்பதவியையே முடித்து வைத்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரே அப்பெரியார். இராஜாஜி என்று நாடு அன்புடன் வழங்கும் அன்னாரின் வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதற்கண் அந்நாணயத்தின் புதிரை விளக்குதல் வேண்டும். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15ஆம் நாள் நாம் விடுதலை பெற்றோம். ஆயினும் அன்றே குடியரசு ஆகவில்லை. பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய இந்திய சுதந்திரச் சட்டத்தின்படி, இந்தியாவும் பாகிஸ்தானும் டொமினியன்கள் எனப்படும் தன்னாட்சி நாடுகளாயின. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா முதலியனவும் அவ்வகையினவே. இந்நாடுகள் ஒன்றற்கொன்று அடங்கியவை அல்ல. 1931ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் டொமினியன்களின் சட்டமியற்றும் உரிமையை உறுதிப்படுத்தியது. ஆனால் எல்லாவற்றிற்கும் மன்னர் ஒருவரே. ஆள் ஒருவராயினும், கனடாவில் அவர் கனடா மந்திரிகளின் சொற்படியும், ஆஸ்திரேலியாவில் அந்நாட்டு மந்திரிகளின் சொற்படியும் நடக்கக் கடமைப்பட்டவர். 1936இல் எட்டாம் எட்வர்டு மன்னர் முடி துறந்தபோது, அயர்லாந்து அதனைத் தனிச் சட்டத்தால் ஒரு நாள் பிந்தியே ஏற்றது. ஆகவே அவ்வொரு நாள் இங்கிலாந்துக்கு ஒரு மன்னரும் அயர்லாந்துக்கு வேறொரு மன்னரும் இருந்தனர். ஒரே மகுடம் பல நாடுகளுக்குப் பொதுவாயிருந்த இவ்வினோத அமைப்பில், மன்னர் இல்லாத நாட்டில் மன்னரின் இடத்தில் அமர்ந்தவரே கவர்னர் ஜெனரல். டொமினியனாய் இருந்த இந்தியாவில் அப்பதவியை வகித்தவர் இருவர். முதல்வர் மௌண்ட்பேட்டன் பிரபு, இரண்டாமவர் நம் இராஜாஜி.

அவர் 1878ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆம் நாள், ஒசூரையடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சக்கரவர்த்தி வேங்கடார்ய ஐயங்கார் அவ்வூர் மணியம், தாயார் சிங்காரம்மாள். செல்வம் மிக்க குடும்பமன்று. பிள்ளையோ உடல் மெலிந்தது, பார்வையும் குறைந்தது. ஒசூரிலும் பெங்களூரிலும் பயின்று, சென்னையில் சட்டம் கற்று, 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழில் தொடங்கினார். அந்நாளில் எங்கள் மலையடிவாரத்துத் திருப்பத்தூர்த் தாலூகாவும் சேலம் மாவட்டத்தையே சேர்ந்திருந்தது. 1911இலேதான் அது வடவார்க்காட்டுடன் இணைக்கப்பட்டது. ஆதலின் எங்கள் பக்கத்து மக்களுக்கும் சேலமே அன்று மாவட்டத் தலைநகர். அந்நகரில் கூரிய அறிவும் சுருங்கச் சொல்லும் ஆற்றலும் உடைய இவ்விளம் வழக்கறிஞர் விரைவிற் பெரும் பொருளீட்டினார். பதின்ம வயதிலேயே மணம் புரிந்த அவர், நாற்பது வயதாகுமுன் மனைவியாரை இழந்தார். ஐந்து மக்களை வளர்க்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1917இல் சேலம் நகரசபைத் தலைவரானார்.

1919ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையைத் திருப்பியது. ரௌலட் சட்டத்தை எதிர்க்க வழி தேடிச் சென்னை வந்த காந்தியடிகள், இராஜாஜி குடியிருந்த வீட்டிலேயே தங்கினார். நாடு முழுதும் ஒரு நாள் கடையடைத்து நோன்பிருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அடிகளுக்கு அவ்வீட்டிலேதான் உதித்தது. அடுத்துவந்த ஒத்துழையாமை இயக்கத்தில் இராஜாஜி தொழிலைத் துறந்தார், வருவாயையும் துறந்தார். 1921ஆம் ஆண்டு டிசம்பரில் சிறைத்தண்டனை பெற்று, எங்கள் மலைத்தொடருக்கு வடகிழக்கேயுள்ள வேலூர்ச் சிறையில் மூன்று மாதம் இருந்தார்.

அச்சிறையில் அவர் எழுதிய நாட்குறிப்பு மாணவர் யாவரும் அறியத்தக்கது. விடுதலை கிடைத்தால் துன்பமெல்லாம் ஒரே நாளில் நீங்கிவிடும் என்று நாடு நம்பிய காலம் அது. அவரோ, விடுதலை வந்த பின்னும் தேர்தல்களின் ஊழலும், செல்வரின் கொடுமையும், நிர்வாகத்தின் திறமையின்மையும் மக்களை வருத்தக்கூடும் என்றும், நல்லொழுக்கமும் இறையச்சமும் ஊட்டும் கல்வி ஒன்றே நம்பிக்கைக்குரியது என்றும் குறித்து வைத்தார். இஃது அடிமைத்தனத்தை விரும்பியவரின் சொல்லன்று; விடுதலைக்காகச் சிறையில் இருந்தவரின் சொல். ஆட்சி கைமாறுதல் வேறு, ஆட்சி திருந்துதல் வேறு என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

1925இல் திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். சாதி வேறுபாடின்றி அங்கே அனைவரும் ஒருங்கே உண்டு உழைத்தனர். கதர் நூற்பும், தீண்டாமை ஒழிப்பும், மதுவிலக்குமே அதன் பணிகள். 1930இல் காந்தியடிகள் தண்டிக்குச் சென்றதுபோல, இராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டருடன் ஏப்ரல் 13இல் திருச்சிராப்பள்ளியினின்று புறப்பட்டு, ஏறத்தாழ 150 மைல் நடந்து வேதாரணியம் சேர்ந்தார். அம்மாத இறுதியில் உப்பெடுத்துச் சிறை புகுந்தார். மன்னரின் பெயரால் இயற்றப்பட்ட சட்டத்தை அவர் வெளிப்படையாக மீறினார். அதற்குரிய தண்டனையையும் மறுக்காது ஏற்றார்.

1937இல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனார். மாகாண அமைச்சரவைத் தலைவரை அந்நாளில் அவ்வாறே வழங்கினர். 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி மன்னருக்கு உண்மையாயிருப்பதாக உறுதிமொழி கூறியே அப்பதவி ஏற்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கியது. 1939இல் எங்கள் வடவார்க்காட்டிற்கும் வந்தது. கடன்பட்ட உழவர்க்கு நிவாரணச் சட்டம் செய்தார். ஆலயங்களில் ஒடுக்கப்பட்டோர் நுழைவதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தார். அதே ஆட்சியில் பள்ளிகளிற் கட்டாய இந்தியைப் புகுத்தியதால் தமிழகமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. நடராசன், தாளமுத்து என்னும் இருவர் சிறைப்பட்டு உயிர் நீத்தனர். இவற்றை மறைத்து அவர் வரலாற்றை எழுதுதல் முறையாகாது.

1939ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் ஜெர்மனியுடன் போர் மூண்டது. பொது மகுடத்தின் பொருள் என்ன என்பதை அப்போர் தெளிவாகக் காட்டிற்று. தென்னாப்பிரிக்கா தன் பாராளுமன்றத்தில் வாதாடி, வாக்கெடுத்து, செப்டம்பர் 6இல் போரில் இறங்கியது. கனடா தன் பாராளுமன்றத்தைக் கூட்டி 10இல் இறங்கியது. அயர்லாந்து நடுநிலை வகித்தது. இந்தியாவிலோ, வைசிராய் லின்லித்கோ பிரபு இந்நாட்டுத் தலைவர் ஒருவரையும் கேளாமல் போர்நிலையை அறிவித்துவிட்டார். மன்னர் ஒருவரே, ஆயினும் டொமினியன்கள் அவரோடு கலந்து முடிவு செய்தன, நாமோ அவர் முடிவுக்கு உட்பட்டோம். இவ்வேறுபாட்டைப் பொறாது காங்கிரஸ் மந்திரி சபைகள் விலகின. இராஜாஜியும் அக்டோபரில் பதவி துறந்தார்.

பின்வந்த ஆண்டுகள் அவருக்குத் தனிமை மிக்கவை. 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஏலாமையால் காங்கிரசினின்றும் விலகினார். நேற்றுவரை போற்றியவரே அவரைத் தூற்றினர். முஸ்லிம் லீகுடன் உடன்பாடு காண 1944இல் அவர் வெளியிட்ட திட்டமும் பயன்தரவில்லை. எனினும் 1946இல் இடைக்கால அரசில் மந்திரியாயினார். விடுதலை நாளன்று, கலவரத்தாற் புண்பட்டிருந்த மேற்கு வங்காளத்திற்குக் கவர்னராய் அனுப்பப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில், எலிசபெத் இளவரசியாரின் திருமணத்திற்கு மௌண்ட்பேட்டன் பிரபு இலண்டன் சென்றபோது, இரண்டு வாரம் இராஜாஜியே கவர்னர் ஜெனரலாய்ப் பணியாற்றினார். 1948ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் அப்பதவியை நிலையாக ஏற்றார். இந்தியர் ஒருவர் அப்பதவியில் அமர்ந்தது அதுவே முதன்முறை. அதுவே கடைசி முறையும் ஆயிற்று.

இங்கே ஒரு புதுமையை நோக்குக. இராஜாஜியைத் தேர்ந்தவர்கள் இந்திய மந்திரிகள். நியமன உத்தரவில் கையெழுத்திட்டவர் மன்னர். எந்த மன்னரின் ஆட்சியில் வேலூர்ச் சிறையில் அடைபட்டாரோ, அம்மன்னர் மரபின் பெயராலேயே இனி அவர் சட்டங்களுக்கு இசைவளிக்க வேண்டும். அவர் பதவியேற்ற மறுநாள், ஜூன் 22இல், இந்தியப் பேரரசர் என்னும் பட்டத்தை ஆறாம் ஜார்ஜ் மன்னர் முறைப்படி கைவிட்டார். 1877இல் விக்டோரியா அரசியாருக்குச் சூட்டி, 1911இல் டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குப் பெருவிழாவாய்க் கொண்டாடிய அப்பட்டம் அவ்வாறு ஓசையின்றி மறைந்தது. எனினும் குடியரசாகும் வரை இந்தியாவின் மன்னர் அவரே. எங்கள் பாட்டியாரின் நாணயமும் 1950இல் புது நாணயங்கள் வரும்வரை தனக்கு மாற்றின்றிச் செலாவணியில் இருந்தது.

பேரரசர் போனார், சக்கரவர்த்தி என்னும் குடிப்பெயரும், இராஜன் என்னும் சொல் அமைந்த இயற்பெயரும் தாங்கிய இக்கதராடைப் பெரியவர் வைசிராய்களின் மாளிகையில் இருந்தார். 340 அறைகளை உடைய அம்மாளிகையில் வைசிராய்கள் துயின்ற பெரிய அறைகளை அவர் தமக்கெனக் கொள்ளவில்லை. அவற்றை விருந்தினர்க்கு விட்டு, எளிய பகுதியொன்றில் வாழ்ந்தார். மகள் நாமகிரி அம்மையார் உடனிருந்தார். நாட்டில் உணவுப் பஞ்சம் நிலவியமையால், மாளிகைத் தோட்டத்தில் கோல்ஃப் ஆடிய நிலத்தின் ஒரு பகுதியை உழச்செய்து கோதுமை பயிரிட்டார். மன்னரின் இடத்தில் இருந்தவர், குடிகளின் தொழிலை அங்கே கொண்டு புகுத்தினார்.

அப்பதவியின் உள்முரண் சிறிதன்று. காஷ்மீரத்தில் இந்தியப் படையும் பாகிஸ்தான் படையும் பொருதுகொண்டிருந்தன; இரு நாட்டிற்கும் மன்னர் அவ்வாறாம் ஜார்ஜே! 1949ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் போர் நின்றது. மகுடம் பொதுவாயிருத்தல் மனங்களை ஒன்றுபடுத்திவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. இந்தியாவோ குடியரசாகத் துணிந்துவிட்டது. ஆயினும் காமன்வெல்த் கூட்டுறவை விடவும் விரும்பவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் அயர்லாந்து குடியரசாகிக் கூட்டுறவினின்றே நீங்கிற்று. அதே மாத இறுதியில் இலண்டனில் கூடிய பிரதம மந்திரிகள் நேருவின் முன்னிலையில் வேறொரு வழி கண்டனர். இந்தியா மன்னருக்குக் குடியாய் இராது. ஆனால் சுதந்திர நாடுகளின் கூட்டுறவிற்கு அவரே அடையாளமும் தலைவரும் என்பதை ஏற்கும். மன்னரின்றியும் கூட்டுறவில் இருக்கலாம் என்னும் இவ்வழியிற் பின்னர் பல நாடுகள் சென்றன.

1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் வந்தது. காலை பத்து மணி கடந்து பதினெட்டு நிமிடம். மாளிகையின் தர்பார் மண்டபத்தில் இராஜாஜி எழுந்து, இந்தியா குடியரசாயிற்று என்னும் பிரகடனத்தை வாசித்தார். அவர் வாசித்து முடித்த அளவில் அவர் வகித்த பதவி இல்லையாயிற்று. சில நிமிடங்களில் டாக்டர் இராஜேந்திர பிரசாத் முதற் குடியரசுத் தலைவராய் உறுதிமொழி ஏற்றார். முப்பத்தொரு குண்டுகள் முழங்கின. நேரு அப்பதவியை இராஜாஜிக்கே அளிக்க விரும்பியிருந்தார். காங்கிரசிற் பெரும்பாலோர் இராஜேந்திர பிரசாத்தை விரும்பினர். இராஜாஜி தம் கையாலேயே மற்றொருவர்க்கு இடம் ஒழித்துக் கொடுத்துச் சென்னை திரும்பினார்.

பதவியின் உச்சியினின்று இறங்கியவர், கீழ்ப்பதவிகளை இழிவென்று கருதவில்லை. டெல்லியில் மந்திரியாகவும், 1952இல் சென்னை முதலமைச்சராகவும் பணியேற்றார். உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிப் பாராட்டுப் பெற்றார். ஆனால் 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் அவருடைய புகழைக் கெடுத்தது. சிற்றூர்ப் பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும், மற்ற அரை நாள் தந்தையின் தொழிலைக் கற்றும் கழிக்க வேண்டும் என்பதே அத்திட்டம். ஒரே கட்டிடத்தில் இரு மடங்கு பிள்ளைகளுக்கு இடமளிக்கலாம் என்பது அவர் கருத்து. குலத்தொழிலிலேயே குடிகளைக் கட்டிப்போடும் திட்டம் இது என்று நாடு கொதித்தெழுந்தது. 1954இல் அவர் பதவி விலகினார். காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

இவ்விடத்தில் நடுநிலை வகித்தல் எனக்கு எளிதன்று. என் பாட்டனார் சாமையும் கேழ்வரகும் விளைத்தவர். மலையினின்று புளியும் தேனும் சுமந்து இறங்கியவர். அவருடைய பேரன் இன்று தமிழிலக்கியம் பயில்கின்றான். தந்தையின் தொழிலே மகனுக்கு அரை நாட் பாடம் என்று சட்டம் நிலைத்திருந்தால், எங்கள் மலைப்பிள்ளைகள் எத்துணைப் பேர் இக்கல்லூரி வாயிலை மிதித்திருப்பர்? வேலூர்ச் சிறையில் கல்வியே நம்பிக்கை என்று எழுதிய பெரியவர், கல்வியிலேயே இடறினார் என்பது வருத்தத்திற்குரியது. டெல்லி மாளிகையில் பதவியைத் தமக்குரிய சொத்தாகக் கருதாதவர், சென்னையில் தம் அறிவையே போதியதாகக் கருதி, மக்களின் மனத்தை முன்னரே கேளாது விட்டார். இந்தி பற்றியும் அவ்வாறே முன்பு செய்தார். பின்னாளில் அவரே கட்டாய இந்தியை வன்மையாய் எதிர்த்தமை, தம் கருத்தை மாற்றிக்கொள்ளும் நேர்மை அவரிடம் இருந்தமைக்குச் சான்றாகும்.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. 1959இல் எண்பதாண்டு கடந்து சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1962இல் அணுகுண்டுச் சோதனையை நிறுத்துமாறு வேண்டி அமெரிக்கா சென்று, ஜனாதிபதி கென்னடியைக் கண்டார். இவற்றினிடையே தமிழ்த்தாய்க்கும் தொண்டு புரிந்தார். வியாசர் விருந்து என்று பாரதத்தையும், சக்கரவர்த்தித் திருமகன் என்று இராமாயணத்தையும் எளிய நடையில் எழுதினார். பின்னதற்குச் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது. 1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் அந்நாளில், தொண்ணூற்று நான்கு வயது நிரம்பிய அவர் சென்னையில் மறைந்தார். அவ்வாண்டு மே மாதத்திலேதான் நம் அண்டை நாடாகிய இலங்கையும் பொது மகுடத்தை நீக்கிக் குடியரசாயிற்று. பாகிஸ்தான் 1956இலேயே அவ்வாறு ஆகியிருந்தது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்றளவும் அதனை வைத்திருக்கின்றன.

அவர் எழுதிய இராமகாதையிலே பரதன் வருகின்றான். தனக்கு உரிமையில்லாத அரியணையில் தமையனின் பாதுகையை வைத்து, அதன் பெயரால் ஆண்டு, உரியவர் வந்ததும் ஒப்புவித்தவன் அவன். இராஜாஜியும் வேறொருவர் பெயரால் ஓர் இருக்கையைக் காத்தார். ஆனால் அவர் அதனை ஒப்புவித்தது கடல்கடந்த மன்னரிடத்தன்று. அவ்விருக்கைக்கு மெய்யாகவே உரியவராகிய இந்நாட்டு மக்களிடத்து. உக்கிராணக்காரனுக்கு வேண்டிய முதற்குணம் உண்மை என்று நாம் வேதபாடத்திற் கற்றிருக்கிறோம். கணக்கொப்புவிக்கும் நாளில் ஒன்றையும் தனக்கென மறைத்து வைக்காதவனே உண்மையுள்ளவன். அந்த ஜனவரி 26ஆம் நாட் காலையில் இராஜாஜி அத்தகையவராய் நின்றார்.

மாணவ நண்பர்களே, நம்முட் பலர் நாளை ஆசிரியராகவும், அதிகாரியாகவும், சபைப் பணியாளராகவும் ஏதேனும் ஓர் இருக்கையில் அமர்வோம். அது நமதன்று என்பதை மறவாதிருத்தலும், அதனால் ஆளப்படுவோரின் குரலைக் கேட்டலும் ஆகிய இரண்டும் நமக்கு வேண்டும். முன்னதை இராஜாஜியின் வெற்றியினின்றும், பின்னதை அவர் தோல்வியினின்றும் கற்றுக்கொள்வோமாக. அடுத்த விடுமுறைக்கு மலையேறும்போது, பாட்டியாரின் பழைய கேள்விக்கு விடையை நான் கொண்டு செல்வேன். அந்நாணயத்தில் இருப்பவர் நம் நாட்டின் கடைசி மன்னர் என்றும், அவர் இடத்தில் அமர்ந்து அவ்வரியணையை நமக்குத் தந்தவர் நம் பக்கத்து ஒசூர்ச் சீமையார் ஒருவர் என்றும் சொல்வேன்.